பன்னிரண்டாவது ஆள் வரும் வரை

ஜூன் 9, 2025, திங்கள் – விக்டோரியா ஸ்திரீட்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வேர்க்கும், மே ஜூனில் இன்னும் கொஞ்சம் வேர்க்கும். ஆனால் ஜூனில் பள்ளிக்கு நான்கு வாரம் விடுமுறை. கோடை லீவுக்கென்று நாவல் சேர்த்து வைத்துப் படித்தே வளர்ந்தவர்களுக்கு அதுதான் கோடை. பிள்ளைகள் பாட்டி வீட்டில், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு. சொந்தக் கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம், நாவலோடு வெளியே போய்ப் படிக்க இப்படி ஒரு நாளைத் தேற்றப் பார்க்கிறவர்களுக்கு.

முதல் வேலை புத்தகம். தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மத்தியப் பொது நூலகம் புதுப்பிக்கப்பட்டு 2024 ஜனவரியில் மறுபடி திறந்தது. காலை 10 முதல் இரவு 9 வரை. உறுப்பினர் ஒருவருக்கு 16 புத்தகம், 21 நாள் தவணை. இரண்டு அட்டைக்கு 32 என்று கணக்குப் போட்டு அள்ளத் தோன்றும். வேண்டாம். வெளியே எடுத்துப் போக ஆளுக்கு ஒன்று, பொதுவில் ஒன்று, ஆக மூன்று போதும். மிச்சமெல்லாம் தோளுக்குத்தான் வலி.

நூலக ஆப்பில் தமிழ்ப் புத்தகம் தேடும்போது முழுத் தலைப்பையும் தட்டாதீர்கள். ஒற்று ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சிக்காமல் போகலாம். எழுத்தாளர் பெயரில் ஒரு பாதியை மட்டும் தட்டிவிட்டுப் பட்டியலில் கண்ணை ஓட்டுவது விரைவான வழி. அலமாரிக்கு நேரே போய் நின்றுவிடுவது அதைவிட விரைவு. திங்கள் காலை தமிழ் அலமாரிப் பக்கம் கூட்டமே இல்லை. ஒரு பெரியவர் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடித்தட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழிவிட எழுந்திருக்கப் போனவரிடம் "இருங்க ஐயா, நாங்க மேல் தட்டுதான் பாக்குறோம்" என்றதும், மேல் தட்டில் எது நல்ல நாவல் என்று கீழே இருந்தபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நூலகத்தில் கிடைக்கும் சிறந்த சிபாரிசு இந்த ரகம்தான்.

வெயிலுக்குக் கொண்டுபோகும் நாவலென்றால் எந்தக் கதை என்பது அப்புறம், எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். வெள்ளைவெளேர் என்ற மேப்லித்தோ தாள் வீட்டு விளக்கில் அழகு, கடற்கரை வெளிச்சத்தில் கண் கூசும். கிரீம் நிறத் தாளோ பழுப்பேறிய பழைய பதிப்போ தேவலை. கட்டு எப்படி என்று பார்க்க, புத்தகத்தின் தலைமாட்டில் முதுகோரத்தைக் கவனியுங்கள். மடித்த தாள்கள் சின்னச் சின்னக் கற்றைகளாகத் தெரிந்தால் நூல் தையல். மொட்டையாக வெட்டிய ஒரே கட்டாக இருந்தால் பசை மட்டும் போட்ட பெர்ஃபெக்ட் பைண்டிங். அந்தப் பசை சூட்டில் இளகும். நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு மதியம் கிடந்தால், விரித்ததும் முதுகு பிளந்து தாள் கொத்தாகக் கையோடு வரும். எடையும் முக்கியம். டெமி அளவில் 400 பக்கம் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஒரு கையால் பிடித்துப் படிக்க அதுதான் எல்லை. அதைவிடச் சின்னதான கிரவுன் அளவில் வந்த பழைய நாவல்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

கதையில், வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமானவைதான் பயணத்துக்கு லாயக்கு. அத்தியாயம் ஏழெட்டுப் பக்கம், ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்கும். பேருந்து வந்துவிட்டதென்று சட்டென மூடினாலும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். நாலு தலைமுறை, முப்பது பெயர் என்று இடைவெளியில்லாமல் ஓடும் குடும்ப நாவலை வீட்டுச் சோபாவுக்கு ஒதுக்குங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த அந்த ஐந்து பாகச் சரித்திர நாவலை இரண்டு பேர் சேர்ந்து படிப்பது தனிக் கலை. ஒருவர் ஒரு பாகம் முன்னால் போக வேண்டும். முன்னால் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. இந்த ஒப்பந்தம் இல்லாமல் ஆரம்பித்தால் இரண்டாம் பாகத்திலேயே சண்டை வரும்.

பொதுப் புத்தகமாக எங்களோடு வந்தது உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கும் திட்டத்தில் ஏராளமான புத்தகங்கள் ஏறியிருக்கின்றன. அச்சில் கிடைக்காததை அங்கே படித்துவிடலாம், செல்பேசித் திரையில். வெளியே திரையில் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போலராய்ஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால், சில செல்பேசிகளை ஒரு பக்கமாகச் சாய்த்ததும் திரை இருண்டுவிடும். செல்பேசி கெட்டுவிடவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் சரியாகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய் – தேக்கா

சாமான் வாங்கும் நாள். காலை எட்டரைக்கெல்லாம், லிட்டில் இந்தியாவில் சந்தையும் உணவங்காடியும் சேர்ந்த தேக்கா நிலையம் பாதி நிறைந்துவிட்டது. மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அந்தப் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரப் போனது. பக்கத்து மேசை ஆண்ட்டி சிரித்துக்கொண்டே, "அது சீட் பிடிச்சு வெச்சிருக்காங்கம்மா, இங்க வாங்க, நாங்க எந்திரிக்கப் போறோம்" என்று இடம் கொடுத்தார். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

தோசைக்கு மூன்று சட்னி, கூட ஒரு தே ஓ கோசோங். சர்க்கரை, பால் இரண்டும் இல்லாத தேநீர். வெயிலில் சுற்றப் போகிற நாளில், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கைவிட இதுதான் தாகத்துக்கு நல்லது, விலையும் குறைவு.

வாங்கியது: பெரிய ஜிப் லாக் பை ஒரு பெட்டி, கொசு மருந்து, வறுத்த கடலை, மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பா ஒன்று. டப்பா ஏன் என்பது நாளைக்கு. கொசு மருந்தில் டீட் என்று போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது பிளாஸ்டிக்கைத் தின்னும். தடவிய கையோடு லேமினேட் அட்டையைப் பிடித்தால் பளபளப்பு போய் விரல் அச்சு ஒட்டிக்கொள்ளும், மூக்குக் கண்ணாடிச் சட்டமும் மங்கும். நூலகப் புத்தகம் என்றால் இன்னும் வம்பு. பிகாரிடின் கலந்தது இந்த வேலையைச் செய்வதில்லை. டீட்தான் வேண்டுமென்றால், புறங்கையால் காலில் தடவிவிட்டு உள்ளங்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் வேறு மாதிரித் தொல்லை: தாளில் எண்ணெய்ப் பொட்டு விழும், விழுந்தால் போகாது. தடவிப் பத்து நிமிடம் கழித்துப் புத்தகத்தை எடுங்கள்.

ஜூன் 11, புதன் – புலாவ் உபின்

விடியற்காலையில் வானம் இடிந்தது. ஜூனில் இது எதிர்பார்க்க வேண்டியதே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராப் பக்கம் இரவில் திரளும் இடி மேகங்கள் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். பெரும்பாலும் விடியலிலிருந்து காலைக்குள் அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிழக்கே போய்விடும். காற்று பலமாக இருக்கும், கறுத்த வானத்தைப் பார்த்தால் நாள் முழுக்கப் பெய்யும் என்றே தோன்றும். ஆகவே காலை ஆறரை மணிக்கு ஜன்னலைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். வானிலை ஆப்பில் மழைப் படத்தைத் திறந்து, பட்டை மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறதா, பின்னால் வெறும் இடமா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் கிளம்பலாம். எட்டரைக்குத் தரை காய ஆரம்பித்துவிட்டது. மழை கழுவிய காலையில் உபின் தீவு சாதாரண நாளைவிட இரண்டு டிகிரி இதமாக இருக்கும், கூட்டமும் வராது. மழையே லாபம்.

தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து, படகுத்துறை இருக்கும் சாங்கி வில்லேஜுக்கு நேரே போகிறது. அங்கே உணவங்காடியில் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழி, நெத்திலி, முட்டை, சம்பல், ஐந்து வெள்ளிக்குள். எந்தக் கடையில் வரிசை நீளம் என்று பார்த்து நிற்பது ஒரு வழி. எங்கள் வழி, வரிசை இல்லாத கடையில் வாங்கி மிச்ச நேரத்தில் இரண்டு அத்தியாயம் படிப்பது. சாதத்தில் வித்தியாசம் உண்டுதான், இருபது நிமிட வித்தியாசம் இல்லை. சைவக்காரர்கள் தேக்காவிலேயே வயிற்றைக் கவனித்துக்கொண்டு வருவது நல்லது. பக்கத்திலேயே ஸ்ரீ ராமர் கோயில். சீனப் பக்தர்களும் வந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், போவதானால் படகுக்கு முன்னால் போய்விடுங்கள்.

இனி உபினுக்குப் படகு. நேர அட்டவணை கிடையாது, முன்பதிவும் கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. பன்னிரண்டு பேர் சேராவிட்டால், இருப்பவர்கள் 48 வெள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பலாம். சனி ஞாயிறில் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். வார நாளில் மழைக்குப் பிறகு என்றால் உட்கார வேண்டியதுதான். நாங்கள் போனபோது பெஞ்சில் நாலு பேர், எங்களோடு ஆறு. படகுக்கார அங்கிள் விரலால் எண்ணிக் காட்டிவிட்டு, "வெயிட் லா, சிக்ஸ் மோர்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இந்தப் பயணத்தின் மையமே இந்தப் பெஞ்சுதான். நாவலோடு வெளியே கிளம்புகிற தம்பதிகள் பெரும்பாலும் படிக்காமலே திரும்புவதற்குக் காரணம், படிக்கும் நேரத்தைக் கடைசியில் வைப்பது: எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்து படிக்கலாம் என்று. அப்போது இரண்டு பேருக்கும் தூக்கம்தான் வரும். காத்திருக்கும் இடங்களைப் படிக்கும் இடங்களாக முதலிலேயே ஒதுக்கிவிட்டால், 12 பேர் சேராத படகும் தாமதமான பேருந்தும் நமக்குச் சாதகம். பார்க்கும் இடத்தை ஒன்றாகக் குறையுங்கள், காத்திருக்கும் இடத்தை மூன்றாக்குங்கள்.

நாற்பது நிமிடத்தில் பதினொரு பேர். ஆளுக்கு முப்பது காசு சொச்சம் கூடப் போட்டால் கிளம்பிவிடலாம் என்று ஒரு பையன் கணக்குச் சொன்னான். நியாயமான கணக்கு. ஆனால் அப்போது என் மனைவி படித்துக்கொண்டிருந்த அத்தியாயத்தில் ஒரு கடிதம் பிரிக்கப்படவிருந்தது. "தம்பி, இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாமே" என்றார், கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமலே. பன்னிரண்டாவதாக ஒரு மலாய் மூதாட்டி இரண்டு கூடையோடு வந்து சேர்ந்தார். கூடைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த பையனுக்கு ஒரு ரம்புத்தான் கொத்து கிடைத்தது. படகில் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஜெட்டியை விட்டு இறங்கியதும் சைக்கிள் கடைகள். பணம் கொடுக்குமுன் நான்கைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா, முன் கியர் மாறுகிறதா, இருக்கைப் பூட்டு இறுகுகிறதா, முன்னால் கூடை இருக்கிறதா. பிரேக் ஏன் என்றால், தீவின் கடலோர ஈரநிலமான செக் ஜாவாவுக்குப் போகும் பாதையின் பின்பாதி கரடுமுரடு, ஏற்ற இறக்கமும் உண்டு. மழைக்குப் பிறகு சரளை வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சரிவில் ஆள் முன்னால் போவார், சைக்கிள் பின்னால் வரும். பின் பிரேக்கை முதலில் மெதுவாக அழுத்துங்கள். அப்படியும் எங்கள் கூடையிலிருந்த தண்ணீர் பாட்டில் ஒரு குழியில் துள்ளி விழுந்து உருண்டு, எதிரே வந்த ஒருவர் காலால் நிறுத்தி, துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை. தீவில் எல்லாரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்கிறார்கள். எம்ஆர்டி ரயிலில் இதே ஆட்கள் செய்வார்களா என்பது வேறு விஷயம்.

டப்பாவுக்கு வருகிறேன். உபின் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. உள்ளே நாவல் இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை, பிடுங்கிவிட்டுத்தான் பிரித்துப் பார்க்கும். புத்தகத்தை ஜிப் லாக்கில் போட்டு, அதைத் துணிப்பைக்குள் வையுங்கள். தின்பண்டம் இறுக்கமான டப்பாவில், அதுவும் பைக்குள். சரசரக்கும் சத்தம் வெளியே வரக் கூடாது. காட்டுப்பன்றி குட்டிகளோடு பாதையைக் கடந்தால் சைக்கிளை நிறுத்தி வழிவிடுங்கள், போட்டோவுக்குக் குனியாதீர்கள்.

செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. 2001 கடைசியில், மண் கொட்டி நிரப்பவிருந்த திட்டத்தை அரசு ஒத்திவைத்ததால்தான் இந்தக் கரை மிஞ்சியது. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடக்க வேண்டும். அன்று பௌர்ணமி. இங்கே வருட நடுவில் பெரிய வற்று, அதாவது கடல் நன்றாக உள்வாங்கும் நேரம், விடியலுக்கு முன்னாலேயே வந்துவிடும், மதியம் கடல் ஏறி நிற்கும். நண்டும் நட்சத்திர மீனும் பார்க்க வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். வற்று மாலைப் பொழுதில் வருவது வருடக் கடைசியில். படிக்க வந்தவர்களுக்கோ இதைவிட நல்ல நேரம் இல்லை: மரப்பாலத்துக்கு அடியில் தண்ணீர், காற்று, ஆள் அரவம் கிடையாது.

எங்கே உட்காருவது? அலையாத்திக் காட்டுக்குள் நிழல் அடர்த்தி, கொசுவும் அடர்த்தி. பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்காது. 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தின் உச்சியில் காற்று அபாரம். ஆனால் பக்கத்தைப் புரட்ட விடாது, மேலே வருகிறவர்களுக்கு இடம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது இடம், 1930களில் கட்டிய பழைய ஆங்கிலேய பாணி வீடு. இப்போது அதுதான் வருகையாளர் நிலையம். அதன் பின்புறம் கடலைப் பார்த்த பக்கத்தில் கூரை நிழலும் உப்புக் காற்றும் சேர்ந்து கிடைக்கும், காற்று அடிக்கும் இடத்தில் கொசு நிற்காது. பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை அங்கேதான். வெயில் உச்சியில் இருக்கும் அந்த நேரத்தில் சைக்கிள் மிதிப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு காரியம் நன்றாக வேலை செய்தது: பொதுப் புத்தகத்தில் ஐம்பது பக்கம் முடிந்ததும் அதை மூடி, ஆளுக்குப் பத்து நிமிடம் கதை சொல்வது. அடுத்தவர் குறுக்கிடாமல் கேட்கிறார். எழுத்தாளர் மூன்று பக்கம் வர்ணித்ததை என் மனைவி ஒரே வார்த்தையில் "பாவம்" என்று முடித்துவிட்டு, நான் கவனிக்காமலே கடந்த ஒரு மாமியார் பாத்திரத்தைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். வீட்டில் இந்தப் பத்து நிமிடம் கிடைக்காது. கிடைத்தாலும் துணி மடிக்கும்போதுதான்.

திரும்பும் வழியில் இளநீர். கிராமத்துக் கடையில் இரண்டு, உள்ளே வழுக்கை சுரண்டக் கரண்டியோடு. படகு நிரம்ப மறுபடி அரை மணி, அதாவது இன்னும் மூன்று அத்தியாயம். நடுக்கடலில் பெரிய கப்பல் ஒன்று கிளப்பிய அலை பக்கவாட்டில் ஏறி, பொதுப் புத்தகத்தின் கீழ்ப்பாதி நனைந்தது. அது மட்டும்தான் அப்போது ஜிப் லாக்குக்கு வெளியே, மடியில். படகுக்கார அங்கிள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எறிந்தார். டீசல் வாசனை வீசியது, ஆனாலும் காய்ந்த துண்டு.

மாலையில் சாங்கி முனைக் கடலோர மரப்பாதை, 2.2 கிலோமீட்டர். ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சூரியன் இறங்கும். ஏழரைக்கு மேல் எழுத்துத் தெரியாது, புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம்.

ஜூன் 12, வியாழன் – வீடும் டுரியான் கடையும்

தொடை வலி. இன்று வெளியே அதிகம் இல்லை.

நனைந்த புத்தகத்தை என்ன செய்வது: வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் தாள் அலை அலையாக நெளிந்துவிடும். கடல்நீர் என்பதால், ஈரமாக இருக்கும்போதே ஓரத்தைச் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் உப்பு தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இருபது பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ செருகி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் ஒற்றாத நிலை வந்ததும் விசிறி மாதிரி விரித்து நிற்க வைத்து மின்விசிறியைப் போடுங்கள், காற்று நேராக அடிக்க வேண்டாம். லேசான ஈரப்பதம் மட்டும் மிச்சமானதும் கனமான அகராதிக்கு அடியில் ஓர் இரவு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் காயவைக்க நேரமில்லையென்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டு வார இறுதியில் எடுத்து உலர்த்தலாம். திருப்பும்போது புத்தகப் பெட்டிக்குள் போட வேண்டாம். ஈரம் மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். கவுன்டரில் காட்டிச் சொல்லிவிடுங்கள். எங்களுடையதில் கடைசிக் கதையின் ஓரம் கொஞ்சம் நெளிந்ததோடு சரி.

மாலையில் டுரியான். பருவம் இப்போதுதான் சூடுபிடிக்கிறது, விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கிலோ விலை ஓட்டையும் சேர்த்து, சதை மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கடைக்காரர் வெட்டியதும் முதல் சுளையை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக, மடிப்போடு இருக்க வேண்டும், தண்ணீர் விட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் நாம் கேட்கும் முன்பே மாற்றுவார். எம்ஆர்டியில் கொண்டுபோக முடியாது, அங்கேயே தின்று முடிக்க வேண்டும். புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அந்தக் கையால் பக்கம் புரட்டினால் அடுத்து எடுப்பவருக்கும் வாசனை போய்ச் சேரும்.

தவணை 30ஆம் தேதி, பள்ளி திறக்கும் அதே திங்கள். அடுத்தவர் யாரும் முன்பதிவு செய்யாமல் இருந்தால் ஆப்பில் ஒரு முறை நீட்டிக்கலாம், இன்னொரு 21 நாள். சரித்திர நாவலில் நான் இரண்டாம் பாகம், மனைவி மூன்றாம் பாகம். இதுவரை புருவம் உயரவில்லை.